கடைசி பஸ்ஸைக் கேட்காத தோழி

"மலைப் புள்ள, ஒரு வருசம் தாங்க மாட்டாளுங்க" என்று நான் அடிவாரத்துக் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பாவிடம் சொன்னவர், மலைமேல் எங்கள் ஊர்ப்பகுதியான வாழவந்தி நாட்டுக்காரர்தான். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தச் சொல் எனக்கு வீம்பைக் கொடுத்தது. கொஞ்சம் திமிரையும் கொடுத்துவிட்டது.

சென்ற ஆண்டு, இரண்டாம் ஆண்டு படிக்கையில், மிளகு பறிக்க நான்கு நாள் விடுப்பு எடுத்திருந்தேன். சந்தையன்று அம்மாவும் நானும் மலைமேல் சந்தை கூடும் செம்மேட்டில் மிளகு மூட்டையோடு நின்றபோது, கீழிருந்து வந்த பஸ்ஸில் என் வகுப்புத் தோழி இறங்கினாள். கல்லூரி நடக்கும் நாள். கையில் பைகூட இல்லை. சும்மா சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொன்னாள்.

எழுபது வளைவு ஏறி வருகிறவர்கள், வாந்தி எடுத்துக் களைத்தவர்கள்கூட, இறங்கியதும் கேட்பது திரும்பிப் போகக் கடைசி பஸ் எப்போது என்றுதான். அவள் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோதும் காதில் வாங்கவில்லை. திரும்பிப் போகும் எண்ணமே இல்லையோ என்று எனக்குப் பட்டது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, படிப்பு ஏறவில்லை, தூக்கமே இல்லை என்று என்னிடம் சொல்ல வந்தவள் அவள். விடியுமுன் எழுந்து பஸ் பிடித்து வருகிற நானே படிக்கிறேன், உனக்கென்ன குறை என்று பேசி அனுப்பியவள் நான்.

அவளைத் தனியே விடப் பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் தயங்கிச் சொன்னேன். "மொளகு எங்கயும் ஓடிப் போயிராது சாமி. நீ அந்தப் புள்ளகூட இரு" என்றார்.

டீக்கடையின் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"சாகலாம்னு நெனச்சியா?"

ஆமென்று தலையாட்டினாள். "உங்கிட்ட சொன்னா மறுபடியும் திட்டுவியோன்னு இருந்துச்சு."

அன்று பேசியது என் தப்பு என்றேன். வீட்டுக்குத் தெரியாமல் மறைத்த அரியர், மாதக்கணக்காக மனதை அழுத்தியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. குறுக்கே பேசாமல் கேட்டேன். யாரிடமும் சொல்லாதே என்றபோது மட்டும், "அது என்னால முடியாது. நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல" என்று சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே எங்கள் துறை மேடத்துக்கு போன் செய்தேன். மேடம் அவளுடைய அக்காவுக்குத் தகவல் சொன்னார்.

அக்கா வரும்வரை அவளை நாங்கள் தனியே விடவில்லை. அம்மா அவளை மூட்டையின் வாயைப் பிடிக்கச் சொல்லி, "காலேசுக் கை இப்படித் தளருதே கண்ணு" என்று கேலி செய்தார். அவள் லேசாகச் சிரித்தாள். மதியம் அக்கா வந்து, எதுவும் கேட்காமல் அவளை அணைத்துக்கொண்டார். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனார்.

சில மாதங்களில் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். இப்போதும் மனம் கனக்கிற நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் என்னைக் கூப்பிடுகிறாள்.

மாணவர்களின் மனக்குறை கேட்க மேடம் தொடங்கிய குழுவில் நானும் சேர்ந்து பயிற்சி முடித்துவிட்டேன். எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தால், என் பெருமையை எடுத்து வைக்காமல் "சொல்லுங்க" என்று காத்திருக்கிறேன். கல்லூரியில் எனக்கு மிகவும் கடினமாக இருந்த பாடம் அதுதான்.