அம்மாவைக் கேட்காமல் நான் சொன்ன பதில்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு எண்பது வயது. போன மழைக்காலத்தில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, கால் நெருப்பாய் எரிகிறதென்று இரண்டு நாள் அழுதார். வயதானால் அப்படித்தான் என்று மஞ்சளைப் பூசிவிட்டேன். மூன்றாம் நாள் கால் கறுத்துக் கொப்புளம் கட்டியது. பதறிப்போய் வேன் பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

“சதை அழுகிக்கிட்டே மேல ஏறுது. அழுகினத இப்பவே வெட்டி எடுக்கணும். எடுத்தாலும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது,” என்றார் டொக்டர்.

“வேணாங்க, இந்த ஒடம்பு தாங்காது,” என்றேன்.

கண்மூடிக் கிடந்த அம்மா முனகினார். “தாங்குமான்னு என்னைய கேட்டியா? டொக்டரய்யா, எனக்கு இன்னும் இருக்கணும்னு ஆசை. வெட்டுங்க.”

டொக்டர் குனிந்து எல்லாவற்றையும் அவரிடமே மறுபடி விளக்கினார். அம்மா கைநாட்டு வைத்தார்.

மூன்று முறை வெட்டினார்கள். தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை அம்மா நடந்தே வந்தார்.

“மெதுவா போ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல,” என்றார்.

அவர் வாழ்ந்தது போதுமென்று நானாகவே முடிவு கட்டியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.