அவர் சொன்ன பாதி

கல்யாணமாகி அந்தமானுக்கு வந்தபோது எனக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. அதுவும் திருநெல்வேலித் தமிழ். பாராடாங் தீவில் எங்கள் குடியிருப்பில் தமிழ் பேசுகிற இன்னொரு ஆள் என் வீட்டுக்காரர் மட்டும்தான். அவரும் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் காட்டில் மரம் வெட்டுகிற கூப்பிலேயே கிடப்பார். சுற்றியுள்ள வீடுகளில் வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்குக்காரர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஓர் இந்தி இருந்தது. அது காதில் விழும்போதெல்லாம் என்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று தோன்றும். "ஒனக்குத் தொட்டதுக்கெல்லாம் சந்தேகம்" என்பார் அவர். ஆமாம், சந்தேகம்தான். பாஷை தெரியாத ஊரில் சந்தேகமும் படாமல் இருந்தால் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வித்துவிட்டு வந்தாலும் எனக்குத் தெரியாது.

அந்த நிலைமையில்தான் முழுகாமல் இருந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். எனக்குத் தாயே இல்லை. ஷிப்பு ஏறி மெயின்லேண்டுக்குப் போய் யார் வீட்டில் படுப்பது? அக்காள் மாமியாருக்கு அடங்கி இருக்கிறவள். ஆகவே இங்கேயே பெற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவர். நான் தலையை ஆட்டினேன்.

என்னால் ஆன ஏற்பாடுகளைச் செய்தேன். அவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் போட்டெடுத்து, காயவைத்து மடித்தேன். அந்த மழையில் துணி காய்வது என்ன லேசா? அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்ததில் எல்லாம் புகை நாற்றம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துக்குச் சுக்கு வாங்கினேன். கடைக்காரன் சுக்கென்று கொடுத்ததை ஒவ்வொன்றாக உடைத்து மோந்து பார்த்தேன். பூசணம் பிடித்ததைச் சுண்ணாம்பில் புரட்டி விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கருப்பட்டி ஷிப்பில் வரவேண்டும். வந்தது இளகி, எறும்போடு வந்தது. அந்த எறும்பு நம்மூர் எறும்பா, இந்தத் தீவு எறும்பா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

ஆனால் என் பெரிய சந்தேகம் இதிலெல்லாம் இல்லை. அது மருந்தகத்தில் தொடங்கியது.

குடியிருப்புக்குச் சற்றுத் தள்ளி அந்தச் சின்ன மருந்தகம் இருந்தது. அங்கிருந்த நர்ஸம்மா இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். இந்தி மட்டும்தான் பேசுவாள். என் வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள், காதுக்குழாயை வைத்துக் கேட்பாள், பிறகு என்னை விட்டுவிட்டு அவரிடம் பேசுவாள். என் வயிறு, என் பிள்ளை, பேச்சு மட்டும் அவர்கள் இரண்டு பேருக்குள். அவள் நீளமாகப் பேசி முடித்ததும் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

"எல்லாம் நல்லா இருக்காம்" என்பார்.

"அவ அம்புட்டு நேரம் பேசுனா, நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டிய?"

"இந்தி அப்படித்தான் பிள்ள. நீட்டி முழக்குவாங்க."

கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஆனால் நான் இடுப்பு கடுக்கிறது, கால் வீங்குகிறது, ராத்திரி மூச்சு முட்டுகிறது என்று மூச்சு விடாமல் சொன்னதை அவர் அவளிடம் ஒரே சொல்லில் சொன்னாரே, அப்போது மட்டும் இந்தி எப்படிச் சுருங்கியது? இந்த மனுஷன் அந்தப் பக்கமும் விழுங்குகிறார், இந்தப் பக்கமும் விழுங்குகிறார் என்று எனக்குப் பட்டுவிட்டது.

பிரசவத்துக்கு நான் செய்த உருப்படியான ஏற்பாடு அதற்குப் பிறகுதான். இந்தி கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அவருக்குத் தெரியாமல்.

பக்கத்து வீட்டு வங்காளியம்மாளை எல்லோரும் திதி, அதாவது அக்காள், என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நாலு பெற்றவள். எப்போதும் வெற்றிலைச் சிவப்போடு சிரிக்கும் வாய். முதலில் அவளையும் நான் நம்பவில்லை. என் வயிற்றைப் பார்த்தே பேசுவாள், கண் வைத்துவிடுவாளோ என்று முந்தானையை இழுத்து மூடிக்கொள்வேன். ஆனால் வேறு யாரிடம் போவது? பொருளைத் தொட்டுக் காட்டுவேன், அவள் பெயர் சொல்வாள். தண்ணீருக்கு ஒரு சொல், சூட்டுக்கு ஒரு சொல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தேன், வலிக்குச் சொல் கிடைத்தது. விரலில் அரிவாள்மணை பட்டபோது ரத்தத்துக்கும் கிடைத்தது. வீட்டில் அடுப்பு ஊதுகிற சாக்கில் எல்லாவற்றையும் சொல்லிப் பார்ப்பேன். அவர் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

அடுத்த முறை மருந்தகத்துக்குப் போனபோது அசடுபோல முகத்தை வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நர்ஸம்மா என் நெஞ்சுக்குக் கீழே எதையோ திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வெள்ளம்போல வந்த பேச்சில் எனக்கு இரண்டு சொல் பிடிபட்டது. பச்சா, அதாவது பிள்ளை. இன்னொன்று உல்டா. அதை அவள் பல தடவை சொன்னாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொல்லுதா?"

"நல்லா இருக்காம். நல்லாச் சாப்பிடச் சொல்லுதா."

சாப்பாட்டுக்குக் கானா என்று எனக்குத் தெரியும். அவள் பேச்சில் கானா வரவே இல்லை. பொய் என்று தெரிந்துவிட்டது, ஆனால் எது உண்மை என்று தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னால் பட்டதில்லை.

திதியிடம் ஓடினேன். உல்டா என்று சொல்லத் தெரியாமல் உல்ட்டி என்று சொல்லிவைத்தேன். அவள் ஓங்கரிப்பதுபோல நடித்துக் காட்டினாள். வாந்தி! ஓடிப்போய் ஓர் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளை வாந்தி எடுக்கிறதா? வயிற்றுக்குள்ளேயா? எனக்கே வாந்தி நின்று மாசக்கணக்காகிறதே! அப்படியானால் நான் தின்ற ஏதோ அதற்கு ஒப்பவில்லை. நர்ஸம்மா கொடுத்த சிவப்பு மாத்திரையைப் பார்த்தேன், கருப்பட்டியைப் பார்த்தேன், கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தேன். எல்லாமே எனக்கு விரோதியாகத் தெரிந்தது. கூப்பிலிருந்து அவர் கொண்டுவந்த காட்டுக்கோழி மாமிசத்தை அப்படியே நாய்க்குப் போட்டேன். "பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார். பிடிக்காமல் என்ன செய்யும்?

சில நாள் கழித்துத் திதியோடு உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கழுவிய பானையை நான் நிமிர்த்தி வைத்தேன். மழைத்தூறல் உள்ளே விழுகிறது என்று அவள் கையை ஆட்டினாள். "உல்டா ரக்கோ" என்றாள். சொல்லிவிட்டு அவளே பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

நான் அந்தப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உல்டா. தலைகீழ். அக்காள் பிரசவத்தின்போது மருத்துவச்சி, "பிள்ளை தலை கீழே திரும்பியாச்சு, இனிப் பயமில்லை" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நமக்குத் தலை மேலே இருந்தால் நேர். வயிற்றுப் பிள்ளைக்குத் தலை மேலே இருந்தால் அதுதான் தலைகீழ். என் நெஞ்சுக்குக் கீழே அவள் உருட்டி உருட்டிப் பார்த்தது என் பிள்ளையின் தலை.

கையைக்கூடக் கழுவவில்லை. அந்தச் சேற்றில் நான் ஒற்றையாக மருந்தகத்துக்கு நடந்தேன். நர்ஸம்மா என்னைத் தனியாகப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "பச்சா உல்டா?" என்று கேட்டேன். அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு என்னை உட்காரவைத்து, கையால் என் வயிற்றில் காட்டினாள்: இங்கே தலை, இங்கே கால். போர்ட் பிளேர் என்றாள். ஆசுபத்திரி என்றாள். உன் ஆளிடம் போன தடவையும் சொன்னேன், அதற்கு முந்தியும் சொன்னேன், வலி வருவதற்கு முன்னால் படகில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்கு முழுக்கப் புரிந்தது. ஐயோ, அது எனக்குப் புரியாமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அவர் கூப்பிலிருந்து வந்து கால் கழுவக்கூட நான் விடவில்லை.

"பிள்ள தலைகீழா இருக்குன்னு ஏன் என்கிட்ட மறைச்சிய?"

அவர் முகம் வெளுத்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டார். "நர்ஸம்மாதான். இந்தியில" என்றேன். வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னா நீ பயந்துருவ. திரும்பினாலும் திரும்பும்னு சொன்னா அவ. திரும்பிரும்னுதான் இருந்தேன்."

"பயம் எனக்கா, ஒங்களுக்கா?"

காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினார். பிறகு, "எங்க அம்மை அப்படித்தான் போனா" என்றார். "கால் முந்தி வந்துச்சு. நான் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். அந்தச் சொல்ல என் வாயால சொல்ல முடியல பிள்ள."

எனக்கு இரக்கம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவருடைய பயத்துக்கு என்னையும் பிள்ளையையும் அல்லவா பணயம் வைத்தார்! வலி அன்றைக்கு ராத்திரியே வந்திருந்தால்? மறுநாளே மூட்டையைக் கட்டச் சொன்னேன். கட்டினார்.

போர்ட் பிளேருக்குப் போன படகில் அவரை நான் விடவில்லை. படகுக்காரன் எதைச் சொன்னாலும், "என்ன சொன்னான்?" என்பேன். காற்று மாறுகிறது என்கிறான், அந்தச் சாக்கை நகர்த்தச் சொல்கிறான் என்று ஒன்று விடாமல் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த சொற்களோடு ஒத்துப் பார்த்துக்கொண்டேன். சரியாகத்தான் இருந்தது. அப்போதும் மனசு ஒப்பவில்லை.

ஆசுபத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை கடைசிவரை திரும்பவில்லை. வலி வந்து அவர்கள் என்னை உள்ளே கொண்டுபோனபோது, என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று எனக்கு யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முக்கு என்றால் முக்கினேன், நிறுத்து என்றால் நிறுத்தினேன். கால்தான் முதலில் வந்தது. தலை வருவதற்குள் என் உயிர் பாதி போய்விட்டது. எல்லாம் முடிந்தபோது அழுகைச் சத்தம் கேட்கவில்லை. ஒருத்தி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்தத் துணியைத்தான் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. அதற்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

விழித்தபோது வார்டில் கிடந்தேன். கட்டிலோரம் அவர் நின்றுகொண்டிருந்தார். கை வெறுங்கையாக இருந்தது.

"பொண்ணு பிள்ள. நல்லா இருக்கா. அழுதுட்டா. அங்க வச்சிருக்காங்க, இப்பக் கொண்டாருவாங்க" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

அந்தக் கண்ணீரைப் பார்த்தேன். அந்த வாயைப் பார்த்தேன். அவரைத் தாண்டி, வார்டின் அந்தக் கோடியில் நின்ற ஆயாவைப் பார்த்து, என் பிள்ளை எங்கே என்று இந்தியில் கத்தினேன். "மேரா பச்சா கஹாங் ஹை?" படுத்திருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆயா ஓடிவந்து ஏதோ சொன்னாள். "லாவ்! கொண்டா!" என்று இரண்டு பாஷையிலும் கத்தினேன். அவள் போய்க் கொண்டுவந்தாள். என் நெஞ்சில் போட்டாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. அது முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, வார்டே அதிர அழுதது. அதற்குப் பிறகுதான் நானும் அழுதேன்.

கொஞ்சம் அடங்கியதும் அவரைப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பிள்ளையைத் தொடக்கூட இல்லை.

"இந்தத் தடவ நெசத்தத்தான சொன்னேன்" என்றார்.