விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு, கோவில்வழி வழியாக

போன வியாழக்கிழமை தாராபுரத்திலிருந்து திருப்பூருக்குப் போனேன். ஒரு பனியன் கம்பெனியின் டேட்டாபேஸை விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாற்றும் வேலை. அந்த மென்பொருளை எழுதியவனே நான்தான். எழுதி முடித்ததும் முதலாளி தன் மச்சினனை என் நாற்காலியில் உட்காரவைத்தார். பதினோரு வருடமாகியும் அதை நான் மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் பஸ் ஏறும்போது கை துறுதுறுத்தது. இப்படி ஒரு மாற்றல் யாருக்குத் தினமும் கிடைக்கும்?

காலை 6.10 பஸ், 45 ரூபாய். 7.35க்குக் கோவில்வழியில் இறங்கினேன். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 120. ஓட்டுநர் என் லேப்டாப் பையைப் பார்த்து, "ஆடிட்டருங்களா?" என்றார். மறுக்கவில்லை. மரியாதை கிடைக்கிறபோது வாங்கிக்கொள்ள வேண்டும்.

பழைய சர்வர் மணிக்கொருமுறை தானாக அணைந்துகொண்டிருந்தது. 41 நிமிடத்தில் முழுத் தரவையும் நகலெடுத்தேன்; அதோடு அது ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. பேக்கிங் பொறுப்பாளர் நாச்சிமுத்துவுக்கு முகம் வெளுத்தது. மூன்று மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி. அதற்குள் இந்த மென்பொருளில் பெட்டிகளுக்கு விலாச ஸ்டிக்கர் அடிக்காவிட்டால் அவர் வேலைக்கு வரவேண்டியதில்லை என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தாராம்.

லினக்ஸில் தரவு அழகாக ஏறியது. ஸ்டிக்கர் மட்டும் வரவில்லை. பையர், அதாவது சரக்கு வாங்குபவர்களின் விவரம் உள்ள டேபிளே இல்லை என்றது. திறந்து பார்த்தால் இருக்கிறது, ஆங்கிலச் சின்ன எழுத்தில். நான் போன பிறகு நாச்சிமுத்து தானே கற்றுக்கொண்டு எழுதிய ஸ்டிக்கர் ரிப்போர்ட்டுகளோ அதைப் பெரிய எழுத்தில் தொடங்கிக் கேட்கின்றன. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு. ஆனால் நூல், அட்டைப்பெட்டி டேபிள்களின் பெயரை அவர் சின்ன எழுத்தில்தான் எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"பையருக்கு மரியாதை வேணுமில்லீங்களா? நூலும் பெட்டியும் நம்ம சரக்குங்க, அதுக்கெதுக்கு?"

சிரித்துவிட்டேன். இந்தக் கம்பெனியில் எனக்குக் கிடைக்காதது ஒரு டேபிளுக்குக் கிடைத்திருக்கிறது. 62 ரிப்போர்ட்டைத் திருத்த நேரமில்லை. லினக்ஸில் டேட்டாபேஸை அழித்து, பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லும் lower_case_table_names=1 என்ற அமைப்பை வைத்து முதலிலிருந்து நிறுவினேன். 1.50க்கு முதல் ஸ்டிக்கர் வந்தது. நாச்சிமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கினார். லாரி 3.25க்குக் கிளம்பியது.

"இனிமே எல்லாத்தையும் சின்ன எழுத்துலயே போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: அந்த அமைப்பை நிறுவும்போதே வையுங்கள், பிறகு மாற்ற முடியாது. பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். போனதும் ரிப்போர்ட் எழுதியவரோடு ஒரு டீ குடியுங்கள். முதலாளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் பார்க்காமலே 4.40 பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.