அறுந்த காத்தாடியைப் பிடிச்ச நாள்

சான் ஹோசேல இருந்து சீனாவுக்குப் போய், ஒரு கிராமத்து வீட்டுல தங்கிக் காத்தாடி செய்யக் கத்துக்கிட்டோம். மூங்கிலைச் சீவி, பட்டுத்துணி ஒட்டி, மனைவி ஒரு மீன் காத்தாடி பண்ணா. அவளுக்கு ஆபரேஷன் ஆகி ஆறு மாசம். போற இடமெல்லாம் அதை நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

மீன் மேலே ஏறினதும் நாங்க தங்கின வீட்டு அம்மா என் மனைவி கையில கத்தரிக்கோலைக் கொடுத்தாங்க. எதுக்குன்னு நான் யோசிக்கறதுக்குள்ள நூலை வெட்டிட்டா.

நான் வளர்ந்த சென்னையில அறுந்த காத்தாடி பிடிக்கிறவனுக்குத்தான் சொந்தம். வயல்ல ஓடிப் பிடிச்சுட்டு வந்தேன். அந்தம்மா பதறிப்போய்க் குறுக்கே நின்னாங்க.

"நோயை அதுல அனுப்பியாச்சு. திரும்பக் கொண்டுவரக் கூடாதாம்," என்றார் எங்ககூட வந்த கைடு.

"விட்டுடுங்க," என்றாள் மனைவி. "எல்லார்கிட்டயும் என் ஆபரேஷனைப் பத்திச் சொல்றதையும்தான்."

காத்தாடியை வரப்புலயே வெச்சுட்டேன். இப்ப யாராவது அவ உடம்பைப் பத்திக் கேட்டா, அவளையே கேட்கச் சொல்றேன். அவ பெரும்பாலும் காத்தாடிக் கதையைத்தான் சொல்றா.