காற்றுச் சுரங்கத்தில் விட்ட ஸ்பானர்

நான் விமானப் பொறியியல் படித்த காலத்தில் எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் தேசப்பன். என்னைப் போலவே ராயபுரத்துக்காரர். தினமும் ஒரே ரயிலில்தான் போய்வருவோம்.

விமான மாதிரிகளின் மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் ஒன்று அங்கே இருந்தது. விசிறியை முடுக்குவதற்கு முன் உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒருநாள் அவர் பார்த்து முடித்த பிறகு, மாதிரியைச் சரிசெய்ய நான் உள்ளே கையை விட்டேன். ஸ்பானரை அங்கேயே மறந்துவிட்டேன். விசிறி சுழன்றதும் அது பறந்துபோய் மோதி, விசிறியின் இறக்கைகள் நொறுங்கின.

"சரியா பாக்காம வுட்டுட்டேன் சார்" என்று தேசப்பன் பேராசிரியர் முன்னால் தலைகுனிந்தார். பக்கத்திலேயே நின்ற நான், படிப்பு போய்விடுமோ என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. அவர் வேலை போனது.

சில மாதம் கழித்து, துறைமுக வாசலில் மூட்டை தூக்குபவர்களோடு அவரைப் பார்த்தேன்.

"நல்லா படிக்கிறியா நைனா?" என்று சிரித்தார். "எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சு. வூட்டைப் பூட்டினாகூட நாலு தபா திரும்பிப் போய்ப் பாக்குறேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அப்போ நான் சரியாத்தான் பாத்தேனா?" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. "இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். மறுநாள் பேராசிரியரிடமும் சொன்னேன். ஆனால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டிருந்தார்.

நான் பறித்தது அவர் வேலையை மட்டும்தான் என்று, அவர் கண்கள் கலங்கும்வரை நினைத்திருந்தேன்.