உப்புத் தண்ணீரைச் சொல்லும் பெட்டி

பொழுதுபோக்காக வயர்லெஸ் இயக்கும் ஹாம் ரேடியோக்காரன் காற்றோடு பேசுகிறவன் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான நேரம் அவன் தன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறான். சாலிடரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டு, எங்கே தப்பு என்று தெரியாமல் சோற்றை ஆறவிட்ட நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முத்துப்பேட்டையில் எனக்கு டிவி, மிக்சி பழுது பார்க்கும் கடை. மேசையின் ஒரு மூலையில் என் வயர்லெஸ் செட். கடைக்கு வரும் சந்திரகாசன் கடலோரத்தில் குத்தகை நிலத்தில் சம்பா போடுகிறவர். கடல் ஏறும் நாட்களில் வடிகால் வழியே உப்புத் தண்ணீர் எதிர்த்து வரும். மதகில் பலகையை இறக்காவிட்டால் வயலுக்குள் புகுந்து பயிரைக் கருக்கிவிடும். மதகுப் பக்கம் செல்போன் சிக்னல் கிடையாது. ஒருநாள் என் செட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "உப்பு வந்தா இதுல சொல்ற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுமா சார்?"

தலை போன செய்தி

மைக்ரோகன்ட்ரோலர் என்பது விரலளவு கம்ப்யூட்டர். அது உப்பின் அளவை எழுத்து எழுத்தாக வரிசையில் தரும். அதை என் அழைப்புக்குறியோடு, அதாவது ஹாமுக்கு அரசு தரும் அடையாளப் பெயரோடு, சேர்த்து ஒரு பாக்கெட்டாகக் கட்டி, கீச்சொலியாக மாற்றி வயர்லெஸ்ஸில் அனுப்ப வேண்டும். நான்கு நாள் அனுப்பிப் பார்த்தேன். கீச்சொலி காதில் விழுந்தது. கடைக் கம்ப்யூட்டர் திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. புரோகிராமை மாற்றி மாற்றி எழுதினேன். மூளை மழுங்கிவிட்டதோ என்றும் யோசித்தேன்.

எங்கள் ஊரின் இன்னொரு ஹாம், நண்பர் பஷீர், ஐந்து நிமிடம் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார். செட்டை இயக்கியபின் அலை கிளம்ப ஒரு கணம் பிடிக்கும். என் புரோகிராம் அந்தக் கணத்துக்குள்ளேயே எழுத்துகளைத் தள்ளிவிட்டது. தலை வெட்டுப்பட்ட பாக்கெட்டை எதிர்முனை மொத்தமாகவே ஒதுக்கிவிடும். பஷீர் சொன்னார்: "கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுட்டா உள்ளே இருக்கிறவனுக்கு எப்படிய்யா கேட்கும்?" ஒரு கணம் பொறுத்து அனுப்பும்படி மாற்றினேன், திரையில் எழுத்துகள் வந்து விழுந்தன.

இரண்டு ஸ்பூன்

உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும். இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்களைத் தண்ணீரில் இறக்கி வைத்தால் போதும். உப்பு ஏறுவது தெரிந்துவிடும். ஸ்பூன்கள் எங்கள் சமையலறையிலிருந்து போயின. நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ரசம் பரிமாறும்போது என் மனைவி கேட்டாள்: "உங்க ஆராய்ச்சிக்கு அடுத்தது என்ன வேணும், இந்தக் கரண்டியா?"

பேசாதிருந்தால் நல்லது

மதகருகே மூங்கில் கம்பம் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, அடியில் பேட்டரியும் பெட்டியும் வைத்தோம். பேட்டரி மிச்சமாகட்டும் என்று, உப்பு ஏறினால் மட்டும் அனுப்பும்படி புரோகிராம் எழுதியிருந்தேன். கடையில் செய்தி வந்தால் நான் சந்திரகாசன் வீட்டுக்குப் போன் செய்வேன், அவர் ஓடிப்போய்ப் பலகையை இறக்குவார். "பெட்டி பேசாம இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றேன், பெருமையாகத்தான்.

சந்திரகாசன் தலையைச் சொறிந்தார். "எங்க ஊர்ல மதகு பார்க்கப் போனவன் சும்மா வீட்டுக்குப் போக மாட்டான் சார். ஒண்ணும் இல்லேன்னாலும் 'தண்ணி அப்படியே இருக்கு'ன்னு தெருவுல ஒரு குரல் குடுத்துட்டுத்தான் போவான்."

நான் சிரித்துக்கொண்டே டூல்ஸை எடுத்து வைத்தேன்.

ஆடு

சம்பா நட்டு இருபது நாள். பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும் சமயம். காலையில் சந்திரகாசன் போன் செய்தார்: "ஏதாச்சும் வந்துச்சா சார்?" திரையைப் பார்த்தேன். காலியாக இருந்தது. "ஒண்ணும் வரலை, நிம்மதியா இருங்க" என்றேன். அந்த "நிம்மதியா" என்ற சொல் இன்னும் என்னை விடவில்லை.

அவர் மனைவி மல்லிகா அன்று எங்கள் கம்பத்தில் ஆட்டைக் கட்டிவிட்டுக் களை பறிக்கப் போயிருந்தார். ஆடு இழுத்த இழுப்பில் பேட்டரி வயர் பிடுங்கிக்கொண்டது. மத்தியானம் ஆட்டை அவிழ்க்க வந்தவர் வடிகாலில் முகம் கழுவினார். உதட்டில் கரித்தது. கூப்பிட யாருமில்லை, தனியாளாக நாலு பலகையையும் அவரே இறக்கினார். கீழ்மூலையில் ஒரு துண்டு கருகியது. மீதி வயல் பிழைத்தது.

மறுநாள் போனேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். மல்லிகா மோர் கொண்டுவந்து கொடுத்தார். "ஆட்டைக் கட்டுனது என் தப்பு சார். ஆனா உங்க பெட்டி தூங்குதா, செத்துப் போச்சான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்படியே இருக்கு

அன்றே புரோகிராமைத் திருத்தினேன். இப்போது பெட்டி அரை மணிக்கு ஒருமுறை, ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒரு பாக்கெட் அனுப்புகிறது. ஒன்று தவறினாலும் சந்திரகாசனுக்குப் போன் செய்துவிடுவேன். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. தீரட்டும், மேலே ஒரு சோலார் தகடு வைத்துவிட்டோம். அந்த மோரை நினைக்கும்போதெல்லாம் இவ்வளவாவது செய்ய விட்டார்களே என்றிருக்கிறது.

கடைக்கு வந்த சந்திரகாசன் திரையில் வரிசையாக விழும் "அப்படியே இருக்கு" வரிகளைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இப்பத்தான் சார் இது எங்க ஊர் ஆள் மாதிரி பேசுது."

இத்தனைக்குப் பிறகும் யாராவது இந்தக் கதையைக் கேட்டால், முதலில் ஆட்டைப் பற்றித்தான் சொல்ல ஆரம்பிக்கிறேன், என் தப்பு பிறகுதான் வருகிறது.