ஓமவல்லி திருடிய வாத்தியார்

கிள்ளிப் போட்டாலே முளைக்கும் செடி என்று ஊரே சொல்லும் ஓமவல்லி, என் வீட்டு மாடியில் மூன்று முறை அழுகிச் செத்தது. கள்ளக்குறிச்சியில் நான் பிளஸ் டூவுக்குத் தாவரவியல் வாத்தியார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பள்ளி ஆய்வக உதவியாளருக்குக் கல்வராயன் மலையில் ஊர். என் புலம்பலைக் கேட்டு அந்த அம்மா சொன்னார்: "நர்சரியில வாங்கி வெச்சா வராதுங்க சார். யாரு வூட்லயாவது கேக்காம கிள்ளிக்கினு வந்து வெக்கணும்."

மூடநம்பிக்கை என்று அரைமணி நேரம் விளக்கினேன். அன்று சாயங்காலமே திருடப் போனேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கம்பிக் கதவுக்குள் ஓமவல்லி புதராக மண்டிக் கிடந்தது. கையை விட்டு ஒரு கொப்பை ஒடித்தேன். கையை வெளியே இழுத்தால் கடிகாரப் பட்டை கம்பியில் மாட்டிக்கொண்டது. அதற்குள் வீட்டுக்காரம்மா வந்துவிட்டார்.

"இன்னா சார் வேணும்?"

"ஒண்ணுமில்லம்மா. இது ஓமவல்லிதானான்னு பாத்தேன்."

"எங்க பொண்ணுக்கு நீங்கதான பாட்டனி எடுக்கறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. பட்டையை விடுவித்து, ஒரு கைப்பிடி கொப்பும் ஒடித்துக் கொடுத்தார். "இலைய தோசக்கல்லுல வாட்டிப் புழிஞ்சி, தேன் கலந்து குடிங்க, சளிக்கு நல்லது. பஜ்ஜியும் போடலாம். தண்ணி மட்டும் ஜாஸ்தி ஊத்தாதீங்க, அழுவிடும்." குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னுள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். இரண்டு தொட்டிகளில் தனித்தனியாக நட்டு, 'திருடியது', 'கொடுத்தது' என்று சீட்டு எழுதிச் செருகினேன்.

துணி காயப்போட வந்த மனைவி அதைப் படித்துவிட்டாள். "இன்னாங்க இது?" நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் குவளையை எடுத்து எங்கோ ஒளித்து வைத்தாள்.

மூன்று வாரத்தில் இரண்டு தொட்டியிலும் செடி தழைத்தது. திருட்டுக்கு மகிமை உண்டா என்ற ஆராய்ச்சியில் எனக்கு எந்த முடிவும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரம்மாவின் மகள் ஒரு டிபன் பாக்ஸோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். "அம்மா பஜ்ஜி குடுத்தாங்க சார். செடி வந்துச்சான்னு கேட்டாங்க."

எல்லா ஆசிரியர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வந்துவிட்டது என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் நானே முதல் பஜ்ஜியை எடுத்துக் கடித்தேன்.